குத்தூசி வாங்க ஆளில்லாத ஒழுங்கை

வேலி அடைக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வீட்டு வளவுக்குள்ளே, மற்றவர் வெளியே ஒழுங்கையில், அதாவது வேலிகளுக்கு நடுவே போகும் சின்னத் தெருவில். உள்ளே நிற்பவர் குத்தூசியில் நாரைக் கோத்து ஓலைக்குள்ளால் குத்துவார். வெளியே நிற்பவர் நாரைக் கழற்றி, ஓலையைப் பிடிக்கக் குறுக்கே கட்டிய வரிச்சுத் தடியைச் சுற்றிக் கொண்டுவந்து, திரும்ப ஊசியில் மாட்டி அனுப்ப வேண்டும். எங்கள் வீட்டில் உள்ளே ஐயா, வெளியே நான். எனக்கு அப்போது பத்துப் பதினொரு வயது இருக்கும். ஓலை மறைப்பதால் ஐயாவின் முகம் தெரியாது. குரல் மட்டும் வரும்.

"மாட்டிட்டியே?"

"ஓம்."

"இழுக்கட்டோ?"

ஊசி எந்த இடத்தால் வெளியே வரும் என்று பார்க்க முகத்தைக் கிட்டக் கொண்டுபோய், ஒருமுறை நெற்றியில் குத்து வாங்கினேன். அந்தத் தழும்பு இன்னும் மெல்லியதாக இருக்கிறது. ஆனாலும் வெளியே நிற்கும் வேலைதான் எனக்குப் பிடிக்கும். ஒழுங்கையால் போகிற வருகிற எல்லோரையும் பார்க்கலாம். போகிறவர்களும் சும்மா போகமாட்டார்கள். "என்ன, போன வருசத்தைவிட ஒரு சாண் முன்னுக்கு வந்திட்டுது போல" என்று யாராவது சொல்ல, உள்ளேயிருந்து ஐயா இருமுவார்.

ஊர் புங்குடுதீவு. யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தைத் தாண்டி, வேலணைக்குள்ளால் வந்து, வாணர் பாலத்தில் கடலைக் கடந்தால் நாங்கள். ஒல்லாந்தர் எங்கள் தீவுக்கு மிடில்பேர்க் என்று பெயர் வைத்தார்களாம். அது யாருடைய வாயிலும் நிற்கவில்லை. நெடுந்தீவுக்கு வைத்த டெல்ஃப்ட் மட்டும் ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டது. நான் பிறந்தது ஒரு தீவில், வாழ்க்கைப்பட்டது அடுத்த தீவில். இரண்டு ஊர்த் தெருவும் மாறியதைக் கண்ணால் பார்த்தேன். ஒன்றை மாற்றியதில் எனக்கும் பங்கு உண்டு. ஊரில் காணி திருத்த, மதில் கட்ட நினைப்பவர்களுக்கு என் பிழைகள் உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் ஒழுங்கையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். பிரதான றோட்டிலிருந்து பிரிந்து, இரண்டு முடக்கு முடங்கி, கடைசியில் ஒரு வெளியில் போய் முடியும். தொடங்கும் இடத்தில் ஒரு சுமைதாங்கி. இரண்டு பக்கமும் ஓலை வேலி. வேலிக்கு உயிர் கொடுப்பவை கதியால்கள்: பூவரசு, கிளுவை, இடையிடையே முள்முருக்கு. மாரி தொடங்கும்போது தடியை வெட்டி ஊன்றினால் போதும், தளிர்த்துவிடும். குழை ஆட்டுக்கு. மூன்று வரிச்சுப் பிடித்து அதில் பனையோலையைக் கட்டுவார்கள். வசதியான வீட்டுக்குக் கிடுகு, பின்னிய தென்னோலை. வாசலில் படலை. கொஞ்சம் பெரிய வீடு என்றால் மேலே சின்னக் கூரை போட்ட சங்கடப்படலை, மழைக்கு ஒதுங்கலாம். பக்கத்து வளவுக்குப் போக வேலியில் ஒரு பொட்டு, ஆள் குனிந்து நுழைகிற இடைவெளி. நெருப்புக் கேட்க, மிளகாய் கடன் வாங்க, நாய் போக, கோழி வர, எல்லாம் அந்தப் பொட்டுத்தான்.

அடுத்த வருடம் வேலியைப் பிரிக்கும்போது உக்கிய ஓலை தோட்டத்துக்குப் போகும், பசளையாக. ஆக, எங்கள் தெருவின் ஒரு பாதி வருடம்தோறும் மண்ணுக்குள் போய், மற்றப் பாதி பனையிலிருந்து இறங்கும். அதை நான் ஒரு "தெரு" என்று அப்போது நினைத்ததே இல்லை. அது ஒரு வேலை. மாரிக்கு முன் முடிக்க வேண்டிய வேலை.

ஒழுங்கைகள் ஏன் இப்படி வளைந்து நெளிந்து கிடக்கின்றன என்பது எனக்கு என் சீதன உறுதியை, சீதனமாக வந்த காணியின் பத்திரத்தை, வாசித்தபோதுதான் விளங்கியது. எங்கள் பக்கத்தில் காணி பெரும்பாலும் பெண்ணோடு போகும். ஒரு வளவில் மூன்று பெண்கள் என்றால் காணி மூன்றாகும். பின்னுக்கு இருப்பவளுக்குப் போகவர ஒரு வழி விட வேண்டும். அந்த வழி ஒரு தலைமுறையில் கையொழுங்கையாகும், அடுத்த தலைமுறையில் வண்டில் போகிற ஒழுங்கையாகும். என் உறுதியில் கிணற்றில் பங்கும், வழிவாய்க்கால் பாத்தியதையும் எழுதியிருக்கிறது. கிழக்கு எல்லை ஒழுங்கை, வடக்கு எல்லை இன்னாருடைய காணி என்று நாலு பக்கமும் பெயர் பெயராக வரும். பழைய உறுதிகள் நாலைந்தை ஒன்றாக வைத்து வாசித்தால் தெருவில் யார் யார் இருந்தார்கள், எந்தக் காணி எப்போது உடைந்தது என்று ஒரு படமே வரையலாம். நான் வரைந்தேன். காணிப் பிரச்சினைக்கு மட்டும் எடுத்துப் பார்க்கிற கடதாசியல்ல அது.

ஊர்த் தெருவை நினைத்து உருகுகிறவர்கள் ஒன்றை வசதியாக மறந்துவிடுகிறார்கள். எங்கள் வீட்டுக்கு ஓலை வெட்டித் தந்தவர் முன்படலையால் வந்ததை நான் கண்டதில்லை. பின் வேலிப் பக்கத்தால் வருவார். அவருக்குத் தேத்தண்ணிக்கு வேறு பாத்திரம், அது கூரைத் தாழ்வாரத்தில் செருகியிருக்கும். வேலி மாட்டை மட்டும் மறிக்கவில்லை. அந்த ஒழுங்கை அப்படியே திரும்ப வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

மாற்றம் போரோடு தொடங்கியது என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்குத் தெரிய முதல் மாற்றம் கொழும்புக் காசு. எங்கள் தீவார் பலர் தென்னிலங்கையில் கடை வைத்திருந்தவர்கள். ஒழுங்கை முகப்பில் ஒரு முதலாளி வீடு. வீட்டு முகப்பில் கட்டிய வருடம் சீமெந்தில் பொம்மிக்கொண்டு நிற்கும். அவர்தான் முதலில் மதில் கட்டினார், கம்பிக் கேற்றும் போட்டார். ஊரே நின்று பார்த்தது. அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஐயாவுக்கு மட்டும் ஒரு கவலை. "இனி உந்தப் பக்கம் ஆரோடு கதைக்கிறது?" என்றார். அந்த வீட்டு வேலி அடைப்புக்கு ஒழுங்கையில் நின்று குத்தூசி வாங்குகிறவர் ஐயாதான்.

வேலி நகர்வதும் ஒரு மாற்றம்தான், யாரும் கணக்கெடுக்காத மாற்றம். கதியால் வருடம் வருடம் பருக்கும். புதிதாக ஊன்றுகிறவர் பழையதை விட்டு ஒரு கை வெளியே ஊன்றுவார். எதிர்ப்பக்கத்தாரும் சும்மா இருப்பாரா? வண்டில் போன ஒழுங்கை சைக்கிள் ஒழுங்கையாகியது இப்படித்தான். வேலிச் சண்டை வழக்கு வரை போன குடும்பங்கள் எத்தனையோ. ஆனால் ஒழுங்கைக்காக வழக்குப் போட்டவர் ஒருவரும் இல்லை. அது எல்லோருக்கும் சொந்தம், ஆகவே கேட்க ஆளில்லை.

1991இல் தீவை விட்டுக் கிளம்பினோம். அதைப் பற்றி இங்கே அதிகம் எழுதவில்லை. அது வேறு கதை, பலர் எழுதிவிட்டார்கள்.

திரும்ப முதன்முதலில் போனது 2003இல், போரால் மூடிக்கிடந்த ஏ9 பாதை, யாழ்ப்பாணத்துக்கான தரைவழி, திறந்த அடுத்த வருடம். பிரதான றோட்டில் இறங்கி நின்றேன். ஒழுங்கை எங்கே என்று தெரியவில்லை. சுமைதாங்கி பற்றைக்குள் கிடந்தது. வீடுகளின் சுவர் நின்றது, கூரை இல்லை. ஓலை வேலி இரண்டு மாரி தாங்காது. மூன்றாம் வருடம் அங்கே வேலி இருந்தது என்பதற்கே அடையாளம் இருக்காது. கல் வீட்டைவிட ஓலைத் தெரு முதலில் போய்விடும் என்பதை நான் யோசித்துப் பார்த்ததே இல்லை.

அப்புறம் கண்ணில் பட்டது மரங்கள். பூவரசு, பெரிய பெரிய மரங்களாக, ஒரே நேர்கோட்டில், ஒன்றுக்கொன்று இரண்டடி இடைவெளியில். இவ்வளவு நெருக்கமாக யாரும் மரம் நடமாட்டார்கள். கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒரு மரத்தின் வயிற்றுக்குள்ளால் துருப்பிடித்த கம்பி ஒரு பக்கம் போய் மறுபக்கம் வந்தது. ஐயா வரிச்சுக் கட்டிய கம்பி. எங்கள் கதியால்கள்தான் மரமாகி நின்றன. இரண்டு வரிசை மரத்துக்கும் நடுவில் நடந்தேன். முதல் முடக்கு, இரண்டாம் முடக்கு, கிணறு. எல்லாம் அதே இடத்தில்.

வெறும் காணிக்குத் திரும்புகிறவர்களுக்கு முதல் புத்திமதி இதுதான்: பற்றை வெட்ட ஆள் பிடிக்கும்போது, அடியோடு வெட்ட விடாதீர்கள். வரிசையாக நிற்கும் பூவரசு, கிளுவை எல்லாம் உங்கள் எல்லைக் கல். எங்கள் பின் காணிக்காரர் இயந்திரம் விட்டு ஒரே நாளில் வழித்துத் துடைத்தார். பிறகு எல்லை எங்கே என்று தெரியாமல் காணி அளக்கிற சேவயரும் கையுமாக இரண்டு வருடம் அலைந்தார். முதலில் படம் எடுங்கள், அளந்து குறியுங்கள், பழைய பிளானோடு ஒப்பிடுங்கள், அதற்குப் பிறகு கத்தி. இன்னொன்று, 10 வருடம் தடையில்லாமல் ஒரு காணியை அனுபவித்தவர் ஆட்சியுரிமை கேட்கலாம் என்பது 1871ஆம் ஆண்டிலிருந்தே உள்ள சட்டம். போரால் காணிக்கு வரமுடியாமல் போனவர்களுக்காக 2016இல் தனிச்சட்டம் ஒன்று வந்தது. என்றாலும் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று காணியைப் பார்க்காமல் விடுவது புத்தியல்ல.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

போர் முடிந்து, வீட்டைத் திருத்த முடிவெடுத்தோம். சுவிசில் இருக்கும் தம்பி காசு அனுப்பினான். வீட்டுக்கு முன்னமே மதில் வேண்டும் என்பது அவன் கட்டளை. "அக்கா, ஆடு மாடெல்லாம் உள்ளுக்கு வருது, முதல் மதிலைக் கட்டுங்கோ." அவன் சொன்னது பொய்யல்ல. ஆட்கள் போன தீவில் கட்டாக்காலி மாடுகள்தான் ராசா. ஓலை வேலி அடைக்க ஆளும் இல்லை, ஓலை வெட்ட ஆளும் இல்லை. சரி என்று ஆறடி மதில், சீமெந்துக் கல், இடையிடையே கொங்கிறீற் தூண், நடுவில் பெரிய இரும்புக் கேற். நான் வவுனியாவில் படிப்பித்துக்கொண்டிருந்ததால் மேசனிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு மாதம் ஒருமுறை போய்ப் பார்த்தேன். முடிந்ததும் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். "சூப்பர்" என்று பதில் வந்தது.

அந்த வருடக் கார்த்திகை மழைக்குப் பக்கத்து வீட்டு அக்காவின் குசினிக்குள் முழங்கால் தண்ணீர். எங்கள் பக்கம் நிலம் மெல்ல மேற்கே சரிந்து கடலைப் பார்த்துப் போகும். முன்பு மழைவெள்ளம் ஓலை வேலியின் அடியால் ஒவ்வொரு வளவாக ஊறி, பரந்து, வெளிக்குப் போகும். வேலி தண்ணீரை மறிக்காது, சல்லடை மாதிரி. என் மதில் அணையாக நின்றது. போதாததற்கு அதே காலத்தில் ஏதோ ஒரு திட்டத்தில் ஒழுங்கைக்குக் கொங்கிறீற் போட்டார்கள், வளவை விட அரை அடி உயரத்தில், பக்கத்தில் வாய்க்கால் இல்லாமல். இரண்டு தடுப்புக்கும் நடுவில் அகப்பட்டது அக்காவின் குசினி.

நான் போன அன்று அக்கா படலையடியில் நின்றார். வாங்கோ என்றும் சொல்லவில்லை. "நீ மதில் கட்டினது மாட்டுக்கோ, எனக்கோ?" என்று கேட்டார். இன்று வரை அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

தண்ணீர் விஷயத்தை விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் தீவில் தெருவும் கிணறும் ஒன்று. எங்கள் ஊரில் நல்ல தண்ணீர் என்று ஆறு கிடையாது, குளம் கிடையாது என்றே சொல்லலாம், இருப்பவை மாரிக் குளங்கள். மழைத் தண்ணீர் மண்ணுக்குள்ளும் சுண்ணக்கல்லுக்குள்ளும் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேல் மெல்லிய படையாக மிதக்கும். அதைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். ஒழுங்கைக்கு முழுக்கக் கொங்கிறீற், முற்றத்துக்குக் கல், சுற்றிவர அத்திவாரம் போட்ட மதில் என்றால் மழை நிலத்துக்குள் இறங்காமல் ஓடிக் கடலுக்குப் போய்விடும். இறங்குவது குறைந்தால் உப்பு ஏறும். மண் ஒழுங்கை சேறு, சைக்கிள் புதையும், சப்பாத்து நாறும், எல்லாம் உண்மை. நடுவில் சில்லுப் போகிற அளவுக்குக் கொங்கிறீற் போட்டு, இரண்டு ஓரமும் மண்ணாக விட்டிருந்தால் இரண்டும் சரிவந்திருக்கும். உங்கள் ஒழுங்கைக்குத் திட்டம் வருகிறது என்றால், வேலை தொடங்க முன் கேளுங்கள்: எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் சரிவு, தண்ணீர் எங்கே போகும்? நாங்கள் கேட்கவில்லை. றோட்டு வருகிறதே என்ற சந்தோஷத்தில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்தோம்.

மதிலும் அதிக காலம் நிற்கவில்லை. ஆறாவது வருடம் தூண்களில் நெடுக வெடிப்பு. வெடிப்புக்குள்ளால் செந்துரு வழிந்தது. மேசன் சீமெந்து குழைத்தது எங்கள் கிணற்றுச் சவர்த் தண்ணீரில். மணலையும் எங்கே அள்ளினார் என்று நான் கேட்கவில்லை. உப்பு உள்ளே போனால் கம்பி துருப்பிடிக்கும், துரு பருக்கும், கொங்கிறீற் வெடிக்கும். தீவில் கம்பி போட்ட வேலை எதுவானாலும் நல்ல தண்ணீர் பவுசரில் எடுப்பியுங்கள். மணலை ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பாருங்கள், சிரிக்காதீர்கள், நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். இரும்புக் கேற் அதற்கும் முன்பே பிணைச்சல் உக்கி ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று மாதக்கணக்கில் உப்பைக் கொண்டுவந்து பூசுகிற இடம்.

என் கண்ணைத் திறந்தது நான் வாழ்க்கைப்பட்ட நெடுந்தீவு. எங்கள் தீவின் துறையான குறிகட்டுவானில் படகு ஏறினால் ஒரு மணித்தியாலம், கடல் கொந்தளித்தால் அதற்கு மேல். மாவலித் துறையில் இறங்கி நடந்தால் இரண்டு பக்கமும் முருகைக்கல், அதாவது பவளக்கல், வேலி. கோட்டை, பெருக்குமரம், கட்டைக்குதிரை பார்க்கப் போகிறவர்கள் படம் எடுப்பது இந்தக் கல் வேலியைத்தான். சாந்து கிடையாது. கல்லுக்கு மேல் கல், இடுப்பளவு, சில இடத்தில் நெஞ்சளவு. கல்லின் இடைவெளிக்குள்ளால் காற்றும் போகும், தண்ணீரும் போகும், அந்தப் பக்கத்து வெளிச்சமும் தெரியும். எங்கள் ஓலை வேலி செய்த அத்தனை வேலையும் அது செய்கிறது, வருடாவருடம் பிரிக்கத் தேவையில்லை. ஆட்கள் போன வளவிலும் வேலி நிற்கிறது. நாங்கள் போனதும் எங்கள் தெரு போய்விட்டது. இவர்கள் போனாலும் இவர்களுடைய தெரு இருக்கிறதே என்று முதன்முதல் பார்த்தபோது எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

ஆனால் அதுவும் மெல்ல மெல்லப் போகிறது. மாமி வீட்டு ஒழுங்கையில் நான் எண்ணிப் பார்த்தேன். கலியாணம் முடித்துப் போன புதிதில் இரண்டு பக்கமும் முழுக்கக் கல். இப்போது ஒன்பது வளவில் நாலில்தான் முழு வேலி. ஒருவர் வீட்டு அத்திவாரத்துக்கு வேலிக் கல்லைப் போட்டார். கடற்கரையில் முருகைக்கல் எடுக்கத் தடை, வேலியில் எடுத்தால் யார் கேட்பது? ஒரு வளவில் உழவு இயந்திரம் திரும்ப இடம் போதாமல் முடக்கை இடித்தார்கள். அங்கே இப்போது தூணும் முட்கம்பியும். இன்னொருவர் கல்லுக்கு மேல் சீமெந்து பூசி வெள்ளை அடித்தார். மின்கம்பம் நட இரண்டு இடத்தில் கழற்றிய கல் திரும்ப ஏறவில்லை, குவியலாகக் கிடக்கிறது. ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருக்கிறது. அந்த ஐந்து வளவில் ஒருவரும் தெருவை அழிக்க நினைத்துச் செய்யவில்லை.

மாமியின் வேலியிலும் ஒரு பன்னிரண்டு அடி சரிந்திருந்தது. நான் என் பழைய புத்தியில் இரண்டு பை சீமெந்து கொண்டுபோனேன். பக்கத்து வளவில் எழுபது தாண்டிய அப்பு ஒருவர் இருக்கிறார். மேசன் அல்ல, மாடு வளர்க்கிறவர். பையைப் பார்த்துவிட்டு, "உது என்னத்துக்குப் பிள்ளை? மா குழைக்கவோ?" என்றார்.

அடுத்த நாள் காலை அவரே வந்தார். முதல் வேலை கட்டுவதல்ல, கழற்றுவது. சரிந்த இடத்தின் இரண்டு அந்தத்திலும் இன்னும் மூன்றடி, ஆடுகிற கல் முடியும் வரை கழற்றினார். பிறகு கல்லைத் தரம் பிரித்தார். பெரிய பாரக்கல் ஒரு குவியல், தட்டைக்கல் ஒன்று, கைப்பிடிச் சல்லி ஒன்று. பாரக்கல் அடிக்கு. அதுவும் மண்ணை ஒரு சாண் வழித்து இறுகிய தரையில். ஒரு கல் கீழே இரண்டு கல்லின் மேல் இருக்க வேண்டும், மூட்டுக்கு மேல் மூட்டு வரக்கூடாது. சல்லியை வெளியிலிருந்து அடித்து இறுக்கக் கூடாது, உள்ளிருந்து கொடுக்க வேண்டும். மேலே போகப் போக இரண்டு பக்கமும் கொஞ்சம் உள்வாங்க வேண்டும். நான் வைத்த கல்லைக் கையால் மெல்ல ஆட்டிப் பார்ப்பார். ஆடினால் ஒன்றும் சொல்லாமல் எடுத்துக் கீழே போடுவார். முதல் நாள் நான் வைத்த இருபது கல்லில் ஆறு தப்பியது.

"சீமெந்து வைச்சால் என்ன அப்பு, பலம்தானே?"

"வைச்சால் ஒரே கட்டியா நிக்கும். நிலம் அசைஞ்சால் ஒரே கட்டியா விழும். இது ஒண்டு விழுந்தால் ஒண்டைத்தானே எடுத்து வைக்கிறது."

இரண்டு நாளில் பன்னிரண்டு அடி முடிந்தது. கல்லுக்குக் காசு இல்லை. சீமெந்துப் பை இரண்டும் மாமி வீட்டு மாட்டுக்கொட்டில் தரைக்குப் போனது.

பழைய சுண்ணாம்புச் சுவருக்கும் இதே கதைதான். எங்கள் புங்குடுதீவு வீட்டின் தெருப்பக்கச் சுவர் கல்லும் சுண்ணாம்பும். உதிர்கிறது என்று சீமெந்து பூசினோம். சுவருக்குள் ஏறும் ஈரமும் உப்பும் வெளியே வர வழியில்லாமல் இரண்டே வருடத்தில் பூச்சு தட்டுத் தட்டாகக் கழன்றது, கூடவே பழைய கல்லின் முகத்தையும் பிடுங்கிக்கொண்டு வந்தது. இப்போது நீற்றிய சுண்ணாம்பும் மணலும் குழைத்துப் பூசி, சுண்ணாம்பே அடித்திருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டும். அது கரைச்சல்தான். ஆனால் சுவர் நிற்கிறது.

மதிலை என்ன செய்தேன்? முழுக்க இடிக்கக் காசும் மனமும் வரவில்லை. தம்பியோடு வட்ஸ்அப்பில் ஒரு கிழமை சண்டை. "இடிக்கிறதுக்கோ நான் காசு அனுப்பினனான்?" என்றான், நியாயம். கடைசியில் வெடித்த தூண்களை எடுத்து, மதிலை மூன்றடிக்கு இறக்கி, அடியில் எட்டடிக்கு ஒன்றாகத் துளை விட்டு நாலங்குலக் குழாய் வைத்தோம். அக்காவின் பக்கம் மதிலே இல்லை. அங்கே பழைய கோட்டில் பூவரசும் கிளுவையும் ஊன்றினேன். ஐப்பசியில் முதல் மழைக்கு ஊன்றியதில் பத்துக்கு எட்டுப் பிழைத்தது. அதற்கு முந்தைய வருடம் அவசரப்பட்டுப் பங்குனியில் ஊன்றியது அத்தனையும் விறகு. கேற்றுக்குப் பதில் மரப்படலை. சங்கடப்படலை போட ஆசை இருந்தது, கணவர் "நாங்கள் என்ன, சுற்றுலா விடுதியோ நடத்துறம்?" என்று கேட்டதால் விட்டுவிட்டேன். அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் சில விடுதிகளில் வாசலுக்கு மட்டும் கிடுகு கட்டி வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.

ஒழுங்கையில் மற்ற வீடுகளிலும் நான் போய்ப் புத்தி சொல்லவில்லை. வெளிநாட்டில் இருந்து வந்து மாபிள் ஒட்டிய மதில் கட்டுகிறவருக்கும் அது அவருடைய ஆசை, முப்பது வருட உழைப்பு. நான் செய்தது ஒன்றுதான். ஒவ்வொரு தை மாதமும் சுமைதாங்கியடியில், முதல் முடக்கில், கிணற்றடியில் என்று மூன்று இடத்தில் நின்று, அதே உயரத்தில் படம் எடுத்து வைக்கிறேன். பழைய படம் தேடியபோது தெருவை யாரும் எடுத்ததில்லை என்று தெரிந்தது. ஆனால் கலியாண அல்பத்தில் மாப்பிள்ளை வந்திறங்கும் படத்துக்குப் பின்னால், சாமத்தியச் சடங்குப் படத்துக்குப் பின்னால், செத்த வீட்டுப் படத்தில் பாடைக்குப் பின்னால், வேலி இருக்கிறது. 1978இல் என் பெரியக்காவின் கலியாணப் படத்தில் எங்கள் படலையின் பூட்டுக்கட்டை வரை தெரிகிறது. உங்கள் வீட்டு அல்பங்களையும் ஆட்களை விட்டுவிட்டு ஒருமுறை பாருங்கள்.

கதியால் தளிர்த்தால் போதாது, இடையை மறைக்க ஓலை வேண்டும். போன ஆவணியில் ஓலை வெட்ட ஒருவரைப் பிடித்தேன். வருகிறேன் என்றார், வரவில்லை. இரண்டாமவர் கேட்ட காசுக்குத் தகரமே அடிக்கலாம் போலிருந்தது, அதற்காக அவரைக் குறை சொல்லமாட்டேன், பனை ஏறுவது அவருடைய உயிர். பாதிக்குத்தான் ஓலை கிடைத்தது. மீதிக்குப் பச்சை வலை கட்டினேன். பார்க்கச் சகிக்காது. மாடு வராது.

ஓலைப் பாதிக்குக் குத்தூசி வேண்டுமே. கடையில் கேட்டால் விளங்கவில்லை. பூவரசந் தடியைச் சீவி, நுனியில் ஓட்டை போட்டு நானே செய்தேன். உள்ளே நான். வெளியே அக்காவின் பேரன், ஒன்பதாம் வகுப்பு, ஒரு கையில் தொலைபேசி. "மாட்டிட்டியே?" என்றால் பதில் வராது. இரண்டு முறை நார் அறுந்தது. மத்தியானம் வரை பத்தடி போயிருக்கும்.

அக்கா தன் பக்கத்திலிருந்து வந்து வேலியை மேலும் கீழும் பார்த்தார்.

"பொட்டு எங்கை விட்டனி?"

எனக்கு அது நினைவிலேயே இல்லை. பேரனும் நானுமாக இரண்டு கட்டை அவிழ்த்து, ஓலையை ஒதுக்கி, ஒரு ஆள் குனிந்து வருகிற அளவுக்கு விட்டோம். அக்கா குனிந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, உள்ளே வந்து கிணற்றடியில் இருந்தார். "இன்னும் கொஞ்சம் உயரமா விட்டிருக்கலாம்" என்றார்.